கல்யாண போட்டோவில் தெரியும் மணி

கேப் டவுனுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒயின் தோட்டத்துக்கு ஒரு நடை கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. போன வாரம் பொன்னேரியிலிருந்து வந்திருக்கும் சித்தப்பாவின் முறை. குடிக்க மாட்டார், சும்மா வேடிக்கைதான்.

ஸ்டெலன்போஷ் பக்கம் ஒரு பழைய பண்ணை. வெள்ளையடித்த இரண்டு தூண், மேலே வளைவு, நடுவில் மணி. அதன் கீழே ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. "மாதா கோயிலாப்பா?" என்றார் சித்தப்பா. அடிமைகளை வேலைக்குக் கூப்பிட அடித்த மணி என்றேன். சுற்றிக்காட்டிய பெண் திராட்சை ரகம், பீப்பாய், வாங்கிய பரிசு எல்லாம் ஒப்பித்தார். மணியைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் அவரை ஸ்லேவ் லாட்ஜுக்கு அழைத்துப்போனேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1679இல் தன் அடிமைகளை அடைத்துவைக்கக் கட்டியது, இன்று அருங்காட்சியகம். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியா, வங்காளம், மலபார், சோழமண்டலம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள். சோழமண்டலம் என்றதும் சித்தப்பா நின்றுவிட்டார். பழவேற்காட்டு டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் அவர். அதே கம்பெனிதான் நம் கரையில் பஞ்ச காலத்தில் ஆட்களை மலிவாக வாங்கி பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் கப்பலேற்றியது. சிலர் இங்கேயும் வந்து சேர்ந்தார்கள். "நம்ம பள்ளிக்கூடத்துல கோட்டை கட்டுனான்னு மட்டும்தானே சொன்னாங்க" என்றார்.

எனக்கு ஆறாதது பணக் கணக்குதான். 1834 டிசம்பர் 1இல், டச்சுக்காரருக்குப் பின் இங்கே ஆண்ட ஆங்கிலேய அரசு அடிமை முறையை ஒழித்தது. ஆனாலும் 'பயிற்சி' என்ற பெயரில் இன்னும் நான்கு வருடம் அதே எசமானிடம் வேலை. தன் காலனிகளுக்கெல்லாம் சேர்த்து 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு! விடுதலையானவர்களுக்குக் காலணாவும் இல்லை, கால் காணி நிலமும் இல்லை. பலர் வேறு வழியின்றிப் பண்ணைக்கே கூலிக்குப் போனார்கள்.

கூலியில் ஒரு பங்கை மட்ட ஒயினாக ஊற்றிக்கொடுக்கும் 'டாப்' வழக்கம் சட்டம் தடுத்த பிறகும் 1990கள் வரை அங்கங்கே நடந்தது. தாய் குடித்ததால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகில் மிக அதிகமாக உள்ள இடங்களில் இந்த ஒயின் வட்டாரமும் ஒன்று. பண்ணைக் கூலிகளைக் குடிகாரக் கூட்டம் என்று இங்கே சிலர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஊற்றிக்கொடுத்தது யார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றும்.

சரி, சித்தப்பா ஜனவரி வரை இருக்கிறார். புத்தாண்டன்று எசமான் வீட்டு விருந்துக்கு உழைத்த அடிமைகளுக்கு மறுநாள்தான் ஓய்வு. அதை நினைத்துத்தான் அவர்கள் சந்ததியினர் வழக்கமாக ஜனவரி 2இல் பளபள சட்டையும் பாஞ்சோவுமாக ஊர்வலம் போவது. நகருக்குள் இவர்களில் பலர் குடியிருந்த டிஸ்டிரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966இல் நிறவெறி அரசு வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்துக் குடும்பங்களை ஊருக்கு வெளியே துரத்தியது. அதனால் ஊர்வலக் குழுக்கள் பலவும் இப்போது பஸ் பிடித்துத்தான் வந்து ஆடுகின்றன. ஊர்வலம் போகும் வேல் தெருவில் நிழல் கிடைக்கிற இடமாகப் பார்த்து நிற்கவேண்டும். காலையிலேயே போனால்தான் உண்டு.