ஹீட்டர் சூடாகவில்லையா? கூலன்ட்டைப் பாருங்கள்

நம்ம பக்கம் காரில் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பழைய கார் வாங்கப் போனால் ஏசி குளிர்கிறதா, டயர் எப்படி, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்றெல்லாம் கேட்போம், ஹீட்டர் பக்கம் குமிழைத் திருப்பிப் பார்க்க மாட்டோம். பல்லடத்திலும் பெருந்துறையிலும் சித்திரை வெயிலில் ஓடுகிற வண்டிக்கு அது எதற்கு என்ற எண்ணம்தான். ஆனால் கூலிங் சிஸ்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காசு செலவில்லாமல் காட்டிக் கொடுப்பது அந்த ஹீட்டர்தான்.

ஹீட்டருக்கென்று தனிச் சூடு கிடையாது. இன்ஜினைச் சுற்றி வரும் கூலன்ட்டில் ஒரு பங்கு, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற, ஹீட்டர் கோர் என்கிற ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது, அதன் வழியாக பிளோயர் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். அதற்குள் இருக்கிற குழாய்கள் ரொம்பக் குறுகல். அதனால் கூலன்ட் குறைந்தாலும், உள்ளே காற்று நின்றாலும், துருவும் உப்பும் படிந்தாலும் முதலில் சோர்ந்து போவது ஹீட்டர்.

என்னுடையது இருபது வயதைக் கடந்த பெட்ரோல் கார். மார்கழியில் கோத்தகிரி போனபோது முன்கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்து பாதையே மறைந்தது, குமிழைக் கடைசி வரை திருப்பியும் வெதுவெதுப்பான காற்றுதான் வந்தது. அதற்கு முன்பே இன்னொன்றைக் கவனித்திருந்தேன்: அவினாசி ரோட்டில் வேகமாகப் போகும்போது டெம்பரேச்சர் முள் கீழேயே கிடக்கும், சிக்னலில் நின்றால் மெல்ல ஏறும், திரும்ப ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல்தான், அதாவது இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கிற வால்வு மேல்தான்.

சரி, கழட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை. காலையில் இன்ஜின் நன்றாக ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை கூலன்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் நம்ப வேண்டாம், டப்பா நிறைந்திருந்தும் ரேடியேட்டர் குறைந்திருக்கும், மூடியின் ரப்பர் போயிருந்தால் அப்படித்தான் ஆகும். அப்புறம் மூடியைப் போட்டு, இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டு, ஹீட்டரை முழுதாகத் திருப்பி வைத்து, டேஷ்போர்டை நோக்கிப் போகிற இரண்டு ஹீட்டர் ஹோஸையும் பேனில் கை படாமல் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் நல்ல சூடாக இருந்தும் உள்ளே சூடு இல்லையென்றால் கூலன்ட் மேல் குற்றமில்லை, குமிழில் இருந்து போகிற கேபிளோ உள்ளே காற்றைத் திருப்புகிற கதவோ சிக்கியிருக்கும். ஒன்று சூடு, மற்றொன்று ஆறியிருந்தால் ஹீட்டர் கோர் அடைத்திருக்கிறது, இல்லையென்றால் ஹீட்டருக்குக் கூலன்ட் விடுகிற வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் கூலன்ட் குறைவு, காற்று அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வரிசையாகப் போக வேண்டும். நிற்கும்போது குளிர்ந்த காற்று வந்து, ரேஸ் கொடுத்தால் மட்டும் சூடு வந்தால், டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலக்கிற சத்தமும் கேட்டால், பெரும்பாலும் உள்ளே காற்றுதான்.

என் காரில் தெர்மோஸ்டாட் கெடவில்லை, அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லை. முந்தைய ஓனர் காலத்தில் யாரோ கழட்டிப் போட்டிருக்கிறார்கள். நம்ம ஊரில் இது சகஜம். "நம்மூரு வெயிலுக்கு அது எதுக்குங்ணா, கழட்டிட்டா வண்டி கூலா ஓடுமுங்க" என்பார்கள். இதை நான் ஒரு நாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 82 அல்லது 88 டிகிரியில் திறப்பதற்கென்று அதை வைத்திருப்பது இன்ஜின் சீக்கிரம் தன் சூட்டுக்கு வந்து அங்கேயே நிற்பதற்காக. அது இல்லாத இன்ஜின் ரொம்ப நேரம் குளிர்ச்சியாகவே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடு சேரும், தேய்மானம் கூடும். உண்மையில் ஓவர்ஹீட் ஆகிற வண்டிக்கும் அதைக் கழட்டுவது மருந்தில்லை, ரேடியேட்டர் அடைத்திருப்பதைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். புதிதாக வாங்கினால் பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள், திறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

தெர்மோஸ்டாட் போட்ட கையோடு ஹீட்டர் கோரையும் கழுவினேன். இரண்டு ஹோஸையும் கழட்டி, தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெதுவாக, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் விட்டால் செம்மண் குழம்பு மாதிரி வந்தது. பழைய கோர் என்பதால் வேகமாக விட்டால் உடைந்துவிடும். இந்தக் கசடு எங்கிருந்து வருகிறது என்றால் நம்ம போர் தண்ணியில் இருந்துதான். நம் ஊர்களில் பல இடத்தில் போர் தண்ணி உப்பு, பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படிகிறது, அதையே வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால் என்ன ஆகும்? கலக்காத கெட்டிக் கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஊற்றும்போது முன்பக்கம் மேடாக வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டர் முழுதாகத் திறந்திருக்க ஓடவிட்டால் காற்று வெளியேறும். வடித்த பழைய கூலன்ட்டைத் தரையில் விடவே கூடாது, அது இனிக்கும், கடும் விஷம், நாயும் ஆடும் நக்கினால் செத்துப்போகும்.

கூலன்ட் குறைந்துகொண்டே இருந்து, கீழே ஒழுகலும் தெரியவில்லையென்றால் முன்சீட்டுப் பக்கம் கால்மிதியைத் தூக்கி ஈரமா என்று பாருங்கள், இனிப்பு வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அதுவும் இல்லாமல், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து ரேடியேட்டரில் குமிழி கொப்பளித்தால் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் மேலே இருக்கிற ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு, போயிருக்கும், அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், விலை குறைவு, வேலை பெரிது. ஊட்டி உயரத்தில், சுமார் 2,240 மீட்டரில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மூடி பிடித்து வைத்திருக்கிற அழுத்தமும் கூலன்ட்டும்தான் அதற்கு மேல் தாங்க வைக்கின்றன.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது முள் மேலே போனால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாக, பிளோயரை உச்சத்தில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியே போகும், ஓரம் கட்ட இடம் வரும் வரை தாங்கலாம். முள் சிவப்பில் இருக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் மட்டும் ஒரு வளைவு கூட ஓட்டாதீர்கள். உள்ளே கூலன்ட் இல்லை, அல்லது அது சுற்றவில்லை என்று அர்த்தம். உடனே அணைத்துவிட்டு, மூடியைத் தொடாமல், வண்டியைக் கட்டி இழுக்க ஆள் கூப்பிடுங்கள்.