அம்பாசிடர் டீசலில் குறைந்துகொண்டே வந்த தண்ணீர்: பி.பி. கருவி காட்டிக்கொடுத்த கசிவு

என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமலேயே தண்ணீர்க் கசிவைப் பிடித்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் உச்சிப்புளியிலிருந்து கீழக்கரை வரை என்னுடைய 1489 சி.சி. அம்பாசிடர் டீசலைப் பார்த்த அத்தனை பேரும், பானெட்டைத் திறக்கும் முன்னரே ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள். "ஹெட் கேஸ்கட் போயிருச்சு தம்பி, எறக்கிப் பார்த்துருவோம்" என்றார் எங்கள் பட்டறை பாய். (ஹெட்டுக்கும் என்ஜின் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கட்.) வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் தண்ணீர் குறைகிறது, வண்டியும் சூடாகிறது என்று ஒரே மூச்சில் சொன்னால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் தண்ணீர் குறைவதும் சூடேறுவதும் இரு வேறு நோய்களாக இருக்கலாம் என்பதே என் ஐயம்.

இந்த ஐயத்தை எழுப்பியது பாம்பன் சாலைப் பாலம். விடுமுறை நாள்களில் பாலத்தின் மேல் வண்டிகள் நகராமல் நிற்கும்போது வெப்ப மீட்டரின் முள் அசையாமல் நடுவிலேயே இருக்கும். மாறாக, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டித் தொண்டிப் பக்கம் ஆள்களையும் ஏற்றிக்கொண்டு விரட்டினால் முள் மெல்ல ஏறத் தொடங்கும். நிற்கும்போது சூடேறினால் ஃபேன், பெல்ட் ஆகியவற்றில் குறை தேட வேண்டும். ஓடும்போது மட்டும் சூடேறினால் ரேடியேட்டருக்குள் நீரோட்டம் போதவில்லை என்று முதலில் ஐயப்பட வேண்டும். கேஸ்கட் பெரிதாகப் பழுதாகியிருந்தால், சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் புகுந்து, காலையில் வண்டியை எடுத்த சற்று நேரத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன்னரே, மேல் ஹோஸ் கல்லாக இறுகியிருக்கும். என் வண்டியில் அது பிசைந்தால் அமுங்கியது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் ஆயில் மூடியில் தெரியும் வெண்ணெய் போன்ற படிவும் இல்லை.

தண்ணீருக்குள் புகை புகுந்திருக்கிறதா என்று, கார்பன் டை ஆக்சைடு பட்டால் நிறம் மாறும் நீல மருந்தை வைத்து ரேடியேட்டர் வாயில் சோதிக்கும் முறையை நான் முயலவில்லை. டீசல் என்ஜின் ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி ஓடும்போது, தேவைக்கு மிஞ்சிய காற்றோடு எரிவதால் அதன் புகையில் கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவு. பெட்ரோல் வண்டியில் தெளிவாக மஞ்சளாக மாறும் மருந்து, இதில் பச்சைக்கும் நீலத்துக்கும் இடையில் நின்று நம்மைக் குழப்பும்.

கசிவின் தடத்தைக் கண்ணால் தேடுவதிலும் நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. வேறு ஊர்களில் வெள்ளைப் படிவு தெரியும் இடத்தைக் கசிவு என்று குறித்துக்கொள்ளலாம். இங்கே மண்டபத்து உப்புக் காற்றில் நிற்கும் வண்டியில் எந்த போல்ட்டைச் சுரண்டினாலும் வெள்ளையாகத்தான் உதிர்கிறது. ஆகவே அழுத்தம் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கடைகளில் விற்கும் ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர் பெட்டிகளில் இருக்கும் மூடிகள் பெரும்பாலும் புதிய கார்களுக்கானவை. என் மூடியில் பொறித்திருப்பது 7 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தம். டயருக்குக் காற்றடிக்கும் பம்பின் மீட்டரிலோ 7 என்பது முள் அசைவதே தெரியாத அளவு. அப்போதுதான் அலமாரியில் கிடந்த பழைய பி.பி. கருவி நினைவுக்கு வந்தது. அதன் முகப்பில் உள்ள 300 மி.மீ. (பாதரச அளவு) என்பது ஏறத்தாழ 5.8 பவுண்டு, 260-இல் நிறுத்தினால் 5 பவுண்டு. மூடியின் முழு அழுத்தத்தை எட்டாவிட்டாலும், இரண்டு மி.மீ. இறங்கினால்கூடக் கண்ணுக்குத் தெரியும் மீட்டர் வேறெங்கே கிடைக்கும்? காற்றடிக்கும் ரப்பர் குமிழும், காற்றை விடும் திருகும் அதிலேயே இருக்கின்றன. கையில் சுற்றும் பட்டையை மட்டும் கழற்றிவிட்டேன்.

மூடி தயாரிப்பதுதான் என் பொறுமையைச் சோதித்தது. பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றின் ஸ்பிரிங்கையும் வால்வையும் அறுத்தெடுத்துவிட்டு, நடுவில் துளையிட்டு ஒரு பித்தளை நிப்பிளை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஸ்பிரிங் போனபின் கழுத்தின் உள்விளிம்பில் அடைப்பு இருக்காது என்பதால், காற்று முழுவதும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் போய்விடும். அந்தக் குழாயில் ஒரு சிறு ரப்பர் ஹோஸைச் செருகி, மறுமுனையில் போல்ட்டைத் திணித்துக் கிளிப் போட்டேன். மேல்விளிம்புக்கு லாரி ட்யூபில் வெட்டிய வளையம். வளையம் மெல்லியதாக இருந்தால் காற்று சீறுகிறது. தடித்ததாக இருந்தால் மூடியின் காதுகள் கழுத்தில் பூட்டுவதில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள தடிமன் கிடைக்கும்வரை வெட்டி எறிந்த வளையங்களைக் கொண்டு ஒரு மாட்டுவண்டிக்கே வாஷர் போட்டிருக்கலாம்.

வண்டியில் பூட்டும் முன் கருவியையே சோதிக்க வேண்டும். நிப்பிளுக்குப் போகும் ரப்பர் குழாயை மடித்துக் கட்டிவிட்டு 260-க்கு ஏற்றி வையுங்கள். அங்கேயே முள் இறங்கினால், பழைய குமிழின் வால்வில் தூசி இருக்கிறது என்று பொருள். அடுத்ததாக, ரேடியேட்டரில் கழுத்துவரை தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. என்றால், 10 மி.லி. தண்ணீர் வெளியேறினாலே முள் ஏறக்குறைய 50 மி.மீ. இறங்கிவிடும். காற்று இரண்டு லிட்டர் இருந்தால் அதே கசிவுக்கு 5 மி.மீ. தான் இறங்கும், நாமும் கசிவே இல்லை என்று மூடிவைத்துவிடுவோம். முதல் சில நிமிடங்களில் பழைய ஹோஸ்கள் விரிவதால் முள் சற்று இறங்கும். மீண்டும் ஏற்றிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும். வெயில் பானெட்டில் விழும் முன்னர் செய்வதும் கட்டாயம். சூடு ஏறினால் முள்ளும் ஏறி, கசிவை மறைத்துவிடும்.

சூடான என்ஜினில் முள் ஏறக்குறைய அசையவே இல்லை. இரவு முழுவதும் நின்று ஆறிய என்ஜினிலோ கண்ணெதிரே இறங்கியது. பட்டறைகளில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திச் சூடாகவே பார்ப்பதால்தான் இந்தக் கசிவு யார் கண்ணிலும் படவில்லை.

கசிவு உள்ளேயா வெளியேயா என்பதைத் தீர்க்க, அழுத்தத்தை இரவு முழுவதும் அவ்வப்போது ஏற்றிவைத்து, காலையில் சிலிண்டர்களைச் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தேன். பிளக்குகளைக் கழற்றாமல் இதைச் செய்யவே கூடாது. இந்த டீசலில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது சிலிண்டரில் எஞ்சும் இடம் 20 மில்லிலிட்டருக்கும் குறைவு. அதைவிட அதிகமாகத் தண்ணீர் இறங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நான்கு துளைகளிலிருந்தும் வந்தது வெறும் காற்று. துளைகளுக்கு முன்னால் பிடித்த செய்தித்தாளில் கரி படிந்ததே தவிர ஈரம் இல்லை.

பின்னர் பைக் கண்ணாடி ஒன்றையும் டார்ச்சையும் வைத்து வாட்டர் பம்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தபோது, சீலைத் தாண்டி வரும் நீரை வெளியேற்றும் ஒழுகு துளையின் உதட்டில் ஒரு மணி நீர் திரண்டு நின்றது. துடைத்தால் மறுபடியும் திரண்டது. தரையில் ஏன் ஒருநாளும் சொட்டவில்லை என்பதும் அங்கேயே விளங்கியது. காலையில் என்ஜின் ஓடத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில்தான் இறுகிப்போன சீல் ஒழுகுகிறது. அந்த நீரை பம்பின் புல்லியிலேயே சுழலும் ஃபேன் சிதறடித்து உலர்த்திவிடுகிறது. சூடேறியதும் சீலின் ரப்பர் இளகிக் கசியும் இடைவெளி அடைபட்டுவிடுகிறது.

உத்தர்பாராவில் 2014-இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றது முதல் சாமான் தேடுவது தனி வேலையாகிவிட்டது. மதுரையில் ஒரு கடையில் முழு பம்பும், இன்னொன்றில் சீலும் பேரிங்கும் கொண்ட கிட்டும் கிடைத்தன. கிட்டை வாங்கி லேத் பட்டறையில் பிரஸ் போடச் சொல்வதையே நான் விரும்புவேன். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான பழைய வார்ப்பிரும்பு இம்பெல்லர் நன்றாக இருக்கும்போது, புது பம்பில் வரும் தகட்டு இம்பெல்லரை ஏன் நம்ப வேண்டும்? இம்பெல்லரை அழுத்தும்போது உடலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைப் பழையபடி வைக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். புது சீலுடன் பூட்டிய பிறகு, ஆறிய என்ஜினில் முள் 260-லேயே நிற்கிறது.

நம் பக்கத்து மெக்கானிக்குகள், தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கண்டாலே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். என் வண்டியிலும் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. 82 டிகிரி பொறித்த ஒன்றை வாங்கி, பாத்திரத்து நீரில் தெர்மாமீட்டரோடு கொதிக்கவைத்து, திறப்பதைப் பார்த்தபிறகே மாட்டினேன். போர் தண்ணீருக்கும் விடை கொடுத்தாயிற்று. இனி டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. கழுத்துவரை நிரப்பினால், சூட்டில் விரியும் 150 முதல் 200 மி.லி. வரை ஓவர்ஃப்ளோ வழியாகச் சாலைக்குப் போய்விடும். இது கசிவுக் கணக்கில் சேராது என்றாலும் கூலன்ட் விற்கும் விலைக்கு மனம் ஒப்பவில்லை. அதைப் பிடித்து மீண்டும் உறிஞ்சிக்கொள்ள ஒரு ரிசர்வ் பாட்டிலும், அதற்கேற்ற வெற்றிட வால்வு மூடியும் பொருத்தப் போகிறேன்.

தொண்டிச் சாலையில் முள் ஏறுவது இன்னும் மாறவில்லை. ரேடியேட்டரின் முகத்தில் வெப்பமானி துப்பாக்கியை நகர்த்திப் பார்த்ததில், கீழ்ப்பகுதியின் ஓர் ஓரம் மட்டும் குளிர்ந்தே கிடக்கிறது. போர் தண்ணீரின் சுண்ணாம்பு குழாய்களை அடைத்திருக்கிறது என்றே கொள்கிறேன். இராமநாதபுரத்து ரேடியேட்டர் கடையில் மேல் டாங்கைப் பிரித்து ராடு விட்டு அடைப்பெடுக்கலாம் என்கிறார்கள். மதுரைக் கடைக்காரர் குழாய்கள் அடங்கிய நடுப்பகுதியான கோரையே மாற்றச் சொல்கிறார். முதலில் டாங்கைப் பிரித்து, குழாய்களின் வாய் எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் யாருக்குப் பணம் கொடுப்பது என்று முடிவு செய்வேன்.