வெளுத்த மட்கார்டுக்குள் மறைந்திருந்த சிவப்பு

பல ஆண்டுகள் வெயிலில் நின்ற என் ஏடிவியின் (கரடுமுரடான பாதைகளில் ஓடும் நான்கு சக்கர வண்டி) சிவப்புப் பிளாஸ்டிக் மட்கார்டை விரலால் தேய்த்தால், சுண்ணாம்புபோல் வெண்பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பைத்தான் அதிகம் சிதைக்கின்றன. நிறம் வார்ப்பிலேயே கலந்திருப்பதால் அடியில் சிவப்பு அப்படியே இருக்கும். எனவே பெயின்ட் அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பாகங்களைக் கழற்றிக் கழுவி, கீறல்களின் பிசிறைப் பிளேடால் சுரண்டியபின், 220, 400, 600, 1000 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். இதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. இந்தப் பொறுமை தேவைதான், ஏனெனில் வெளுத்த படலத்தை நீக்காமல் சூடு மட்டும் காட்டினால் வரும் பளபளப்பு நிலைப்பதில்லை.

பிறகு சூடான காற்றை வீசும் ஹீட் கன்னை நகர்த்திக்கொண்டே காட்டியபோது, மங்கிய பரப்பு ஈரம் பட்டதுபோல் மினுங்கியது. மடிப்பிலிருந்த வெள்ளைக் கோடுகளும் மறைந்தன. சற்றே தாமதித்த ஓரிடத்தில் மட்டும் விளிம்பு நெளிந்துவிட்டது; அதைப் பார்க்கும்போதெல்லாம் வருந்துகிறேன்.