ஆம் என்று மட்டும் எழுதினால் மார்க் இல்லை

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'தான். ஒன்றைக் கொடுத்தால் அதற்கென்று ஒரே ஒரு விடையைத் தரும் உறவுதான் சார்பு, ஆங்கிலத்தில் ஃபங்ஷன். பள்ளி திறந்ததும் ஜூனில் அதைத்தான் நடத்தியாக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் எங்கள் மண்டபம் பக்கத்தில் ஜூன் மாதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடை ஜூன் 14-ஓடு முடியும், விசைப்படகுகள் கடலுக்குப் போகும், இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் கிடந்த வீடுகளில் ஐஸ் ஏற்றவும் வலை ஏற்றவும் ஆள் தேடுவார்கள். அந்த வாரம் பையன்களில் பாதிப் பேர் வகுப்பில் இருக்க மாட்டார்கள். அவர்கள் திரும்பி வரும்போது நான் மதிப்பகம் (சார்புக்குள் போகும் உறுப்புகளின் கணம்), துணை மதிப்பகம் (விடைகள் வரக்கூடிய கணம்), வீச்சகம் (அதில் உண்மையில் வந்த விடைகள்) எல்லாவற்றையும் முடித்துவிட்டு சார்புகளின் வகைகளுக்குப் போயிருப்பேன். அப்புறம் ஜூலையில் அலகுத் தேர்வு வைத்து 25-க்கு 6 என்று தாளைக் கையில் கொடுத்தால், அந்த ஆறு எதற்கான மார்க் என்று எனக்கே தெரியாது.

அதனால் இந்த வருடம் பாடம் தொடங்கிய அன்றே மார்க் எப்படிப் போடுவேன் என்பதையும் சொல்லிவிட்டேன். வராதவர்களுக்கு வந்த அன்று தனியாகச் சொன்னேன்.

இதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் வந்ததற்குக் காரணம் உண்டு. நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது இதே சார்புப் பாடத்தில் ஒரு ஐந்து மார்க் கணக்குக்கு விடை சரியாக வந்தும் இரண்டு மார்க்தான் கிடைத்தது. எங்கே மூன்று போனது என்று கேட்டேன். "ஸ்டெப் போதாது" என்று சொன்னார்கள், எந்த ஸ்டெப் என்று சொல்லவில்லை. அடுத்த தேர்விலும் அதே இடத்தில் அதே மூன்று போனது. ஒரு பிள்ளைக்கு மார்க் குறைவது பெரிய விஷயமில்லை, எதற்குக் குறைந்தது என்று தெரியாமல் இருப்பதுதான் கொடுமை. அது பல வருடம் மனதில் கிடக்கும்.

சரி, என்ன சொன்னேன் என்றால், முதலில் பொதுத்தேர்வைப் பற்றிச் சொன்னேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் அக மதிப்பெண் கிடையாது, 100-ம் எழுதித்தான் வாங்க வேண்டும். 14 ஒரு மார்க், பத்து இரண்டு மார்க், பத்து ஐந்து மார்க், பிறகு வடிவியலிலும் வரைபடத்திலும் எட்டு எட்டாகப் பதினாறு. தேர்ச்சிக்கு 35. ஒரு மார்க் கேள்வியில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்லித் தாளிலேயே போட்டிருக்கும், ஆனாலும் அ, ஆ என்று மட்டும் எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. இதை எல்லாம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

என் வகுப்புத் தேர்வுக்கு நான் வைத்த விதி வேறு. 'இது சார்பாகுமா?' என்று கேட்டால் 'ஆம்' என்று மட்டும் எழுதியவருக்கு மார்க் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் பாதி நேரம் சரியாக வந்துவிடும் பதில் அது. காரணம் வேண்டும், அதுவும் ஒரு முழு வாக்கியமாக வேண்டும்: முதல் கணத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரே ஒரு நிழல் உரு இருக்கிறது, அதனால் சார்பு. நிழல் உரு என்றால் அந்த உறுப்புக்குக் கிடைக்கும் விடை. இந்த வாக்கியத்தில் 'ஒவ்வொரு' என்ற சொல்லும் 'ஒரே ஒரு' என்ற சொல்லும் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். பாடத்தின் பாதி அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

அப்புறம் சேர்ப்புச் சார்பில், அதாவது ஒரு சார்பின் விடையை இன்னொரு சார்புக்குள் போடும் கணக்கில், இரண்டு பக்கமும் சமம் என்று காட்டச் சொன்னால் இடப்பக்கத்துக்கு இரண்டு மார்க், வலப்பக்கத்துக்கு இரண்டு, இரண்டும் சமம் என்று முடித்து எழுதுவதற்கு ஒன்று. நடுவில் கூட்டலில் தப்பு வந்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் குறைப்பேன், அதற்குப் பிறகு வரும் எண்கள் எல்லாம் மாறிப் போனாலும் முறை சரியாக இருந்தால் மார்க் உண்டு.

சார்பைக் குறிக்க எஃப் போட்டு அடைப்புக்குறிக்குள் எக்ஸ் போடுவதைப் பெருக்கல் என்று நினைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அடைப்புக்குறி என்றால் பெருக்கு என்று நாம்தானே இரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்தோம். ஆய்லர் 1734-இல் இந்தக் குறியீட்டைக் கையில் எடுத்தார், அதற்கும் பெருக்கலுக்கும் சம்பந்தமில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேர்ப்பில் எதை முதலில் செய்வது என்ற குழப்பத்துக்குக் கருவாட்டைத்தான் பிடித்தேன். மீனுக்கு முதலில் உப்பு, பிறகு வெயில். வெயிலில் காயவைத்துவிட்டு உப்புப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், பின் பெஞ்சில் இருந்து கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு பதில் வருகிறது. அந்தச் சூட்டிலேயே எண்ணுக்குப் போய்விடுவேன். ஒரு சார்பு மூன்றைக் கூட்டும், இன்னொன்று இரண்டால் பெருக்கும். ஐந்தை முதலில் பெருக்கிவிட்டுக் கூட்டினால் 13, முதலில் கூட்டிவிட்டுப் பெருக்கினால் 16.

நட்டமாக ஒரு கோட்டை எங்கே போட்டாலும் அது வரைபடத்தை ஒரு இடத்துக்கு மேல் தொடாவிட்டால் சார்பு. இந்தக் குத்துக்கோட்டுச் சோதனைக்கு ஈர்க்குச்சி. வரைபடத்தாளில் ஈர்க்குச்சியை நட்டமாக வைத்து இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தச் சொல்வேன். வட்டத்தின் மேல் போகும்போது குச்சி இரண்டு இடத்தில் தொடும், அங்கேயே நிறுத்திப் பென்சிலால் இரண்டு புள்ளி வைக்க வேண்டும், அந்த இரண்டு புள்ளிதான் காரணம். எக்ஸ் வர்க்கத்தின் வளைவரையில் எங்கே நகர்த்தினாலும் ஒரு இடத்தில்தான் தொடும். அதே குச்சியைப் படுக்கவைத்து மேலே நகர்த்திப் பார்த்த ஒரு பெண், "டீச்சர், இப்ப ரெண்டு இடத்துல தொடுது" என்றாள். சார்புதான், ஆனால் இரண்டு உறுப்புக்கு ஒரே நிழல் உரு வருவதால் ஒன்றுக்கொன்றானது இல்லை என்பதை நான் சொல்வதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள்.

முக்கியமாகச் சொல்ல வந்தது தேர்வில் நடந்தது. ஊருக்குத் தகுந்த மாதிரி இருக்கட்டும் என்று இரண்டு மார்க்கில் நானே ஒரு கேள்வி எழுதினேன். நான்கு படகுகள், ஐந்து வியாபாரிகள், ஒவ்வொரு படகும் முன்பணம் வாங்கிய வியாபாரிக்கு மீன் போடுகிறது, படகிலிருந்து வியாபாரிக்குப் போகும் இந்த உறவு சார்பாகுமா, காரணம் தருக. கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. வலைக்கும் இன்ஜினுக்கும் ஒருவரிடம் பணம் வாங்கினால் மீன்பாடு அவருக்குத்தான் போகும். இரண்டு படகு ஒரே வியாபாரிக்குப் போடலாம், தப்பில்லை. எந்தப் படகும் மீன் போடாத வியாபாரி இருந்தால் அவர் துணை மதிப்பகத்தில் இருப்பார், வீச்சகத்தில் இருக்க மாட்டார். வீச்சகத்துக்கும் துணை மதிப்பகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடிந்ததில்லை.

என் விடைக்குறிப்பில் 'சார்பாகும்' என்றுதான் இருந்தது. ஒரு பையன் 'ஆகாது' என்று எழுதியிருந்தான். வேகமாகத் திருத்திக்கொண்டு போனதில் பூஜ்யம் போட்டுவிட்டேன். தாளை வாங்கிப் பார்த்தவன் நேராக மேஜைக்கு வந்தான்.

"டீச்சர், காரணம் எழுதியிருக்கேன், படிக்கலையா?"

படித்தேன். 'இறாலைக் கம்பெனி ஏஜெண்டுக்குப் போடுவார்கள். மீனை வேறு வியாபாரிக்குப் போடுவார்கள். இரண்டு பேரிடமும் பணம் வாங்கியிருப்பார்கள். ஒரு படகுக்கு இரண்டு அம்புக்குறி வரும். ஒரே ஒரு நிழல் உரு இல்லை. சார்பு அல்ல.'

எழுத்துப்பிழை இரண்டு இருந்தது. மற்றபடி அந்தத் தேர்வில் எனக்கு வந்த விடைகளில் அதுதான் சிறந்த விடை. அவன் அப்பாவின் படகில் நடப்பதை எழுதியிருக்கிறான், 'ஒரே ஒரு' என்ற சொல்லைச் சரியான இடத்தில் பிடித்திருக்கிறான். கேள்வியில் ஓட்டை விட்டது நான். இரண்டு மார்க்கும் போட்டு, பூஜ்யத்தை அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பிறகு அந்தத் தாளை வகுப்பில் வாசித்தேன். அப்படியானால் மதிப்பகத்தில் என்ன வைத்தால் இது சார்பாகும் என்று கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. படகை மட்டும் வைக்காமல் படகும் சரக்கும் சேர்ந்த சோடியாக வைக்கலாம் என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து வந்து சேர்ந்தார்கள். இரண்டு கணங்களின் உறுப்புகளை இப்படிச் சோடி சோடியாகச் சேர்க்கும் கார்டீசியன் பெருக்கல் எதற்கு என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

உடன் வேலை பார்க்கும் ஒருவர், பிள்ளைகளைக் குழப்பாதீர்கள், புத்தகக் கணக்கைக் கொடுங்கள், பொதுத்தேர்வில் கணங்களைக் கொடுத்துத்தான் கேட்பார்கள் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, புத்தகக் கணக்கை நானும் விடுவதில்லை. ஆனால் காரணத்துக்குத்தான் மார்க் என்று முதல் நாள் சொல்லிவிட்டு, காரணத்தோடு வந்தவனுக்குப் பூஜ்யம் கொடுத்தால் நான் சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு?

ஆம் என்று மட்டும் எழுதியவர்கள் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள். ஒரு அம்மா வந்து, "விடை சரின்னு சொல்றீங்க, மார்க்கு இல்லைன்னும் சொல்றீங்களே டீச்சர்" என்று கேட்டார். அவர் மகளையே கூப்பிட்டுக் காரணத்தை வாயால் சொல்லச் சொன்னேன். சரியாகச் சொன்னாள். அதை எழுது, மறுதேர்வில் முழு மார்க் தருகிறேன் என்றேன்.

மறுதேர்வு வெள்ளிக்கிழமை. அன்று அப்பாவோடு படகுத்துறைக்குப் போகிறவர்கள் திங்கட்கிழமை எழுதலாம், இரண்டு தேர்வில் எது கூடுதலோ அதைத்தான் பதிவேட்டில் ஏற்றுவேன். கேள்வித்தாள் எழுதி முடித்துவிட்டேன். படகுக் கேள்வியை எடுக்கவில்லை, 'ஒவ்வொரு படகும் தன் மீன்பாடு முழுவதையும் ஒரே வியாபாரிக்குப் போடுகிறது' என்று மாற்றியிருக்கிறேன்.