கோலமாவுக் கோடும் செவன் அயர்னும்: ஐந்து மாதப் பயிற்சிக் குறிப்பு

2021 ஆகஸ்டு 7 அன்று, டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக் ஒரே ஒரு ஸ்ட்ரோக் (பந்தை ஒரு முறை அடிப்பது) வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கோல்ஃப் மீது எனக்கு ஆசை பிறந்தது அன்றுதான். கிருஷ்ணகிரிக்கு அருகில் மாந்தோப்பு வைத்திருக்கும் எனக்கு, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருவின் டிரைவிங் ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் திடலுக்கு) மாதம் ஒரு முறை போய்வருவதே பெரிய காரியம். ஆகவே மற்ற நாள்களின் பயிற்சியைத் தோப்பிலேயே அமைத்துக்கொண்டேன்.

என் குறை ஸ்லைஸ். வலக்கைப் பழக்கமுள்ள நான் அடிக்கும் பந்து இடப்பக்கமாகக் கிளம்பி, நடுவானில் வளைந்து வலப்பக்கம் போய் விழும். வலப்பக்கம் போகிறதே என்று கால்களை மேலும் இடப்பக்கம் திருப்பி நின்று இரண்டு ஆண்டுகள் ஆடினேன். வளைவு கூடியதே தவிரக் குறையவில்லை. காரணம் பின்னர்தான் விளங்கியது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, தீர்மானிக்கிறது. அது எப்பக்கம் வளையும் என்பதை, முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை வீசப்படும் பாதைக்கும் உள்ள வேறுபாடு தீர்மானிக்கிறது. என் மட்டை வெளியிலிருந்து, அதாவது பந்துக்கு அப்பாலிருந்து, என் உடல் பக்கமாக உள்நோக்கி வந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் திரும்பி நின்றதால் அந்தப் பாதையை நானே இன்னும் இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில், பெங்களூரா மாங்காய் அறுவடை முழுவதும் முடிந்தபின், இரண்டு மரவரிசைகளுக்கு நடுவே வலை கட்டினேன். விதிப்படி கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பதால், அதைவிடச் சிறிய கண்ணுள்ள வலையைத் தேர்ந்து, பின்னால் பழைய படுதா ஒன்றையும் தளர்வாகத் தொங்கவிட்டேன். படுதாவை இழுத்துக் கட்டினால் பந்து திரும்பி நம் மீதே பாயும். வலைக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் மட்டுமே அடிக்கிறேன்.

முதல் வாரம் அக்கா மகன் பின்னாலிருந்து, என் கைகளின் உயரத்தில் கைப்பேசியைப் பிடித்து மெதுவோட்டக் காணொளி எடுத்தான். அதைப் பார்த்தவுடன், "மாமா, தோள்தான் முதல்ல திரும்புது, இடுப்பு அப்புறமாத்தான் வருது" என்றான். பெங்களூருவில் பயிற்சியாளர் பலமுறை சொல்லியும் என் உடம்பில் ஏறாத செய்தி அது. பேக்ஸ்விங்கின் (மட்டையைப் பின்னால் ஓங்குவதன்) உச்சியிலிருந்து கீழே வரும்போது, எடை இடக்காலுக்கு மாறி, இடுப்பு திரும்பத் தொடங்கிய பின்னரே தோளும் கையும் தொடர வேண்டும். தோள் முந்தினால் கை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, மட்டை பந்தைக் குறுக்காகச் சீவுகிறது.

இதைத் திருத்த மாம்பழ அட்டைப்பெட்டி ஒன்று போதுமானதாக இருந்தது. பந்துக்கு அப்பால் ஒரு சாண் தள்ளி, இலக்குக்கு எதிர்ப்புறமாகச் சற்றுப் பின்னே அதை வைத்தேன். மட்டை வெளியிலிருந்து வந்தால் பெட்டியில் மோதும். முதல் நாள் நான்கு பெட்டிகள் கிழிந்தன. பிறகு இரு பாதங்களையும் சேர்த்து நின்று, மட்டை மேலே போய்ச் சேரும் முன்பே இடக்காலை இலக்கை நோக்கி எடுத்து வைத்து வீசும் பயிற்சியைப் பாதி வேகத்தில் செய்தேன். செப்டம்பர் முடிவதற்குள் பெட்டி கிழிவது அநேகமாக நின்றது. இடக்கைப் பிடியையும் சற்று வலப்பக்கம் திருப்பினேன்; குனிந்து பார்க்கையில் இரண்டு விரல்முட்டிகள் தெரிந்த இடத்தில் இப்போது மூன்று தெரிகின்றன.

எனக்கு மிகவும் பயன்பட்டது கோலமாவுதான். காய்ந்த செம்மண்ணில் அடித்தால் மணிக்கட்டு நொந்துவிடும் என்பதால், மூன்றடிக்கு நான்கடி மணற்பாத்தி ஒன்று அமைத்து, இலக்குத் திசைக்குக் குறுக்கே மாவால் கோடு இழுத்தேன். அந்தக் கோட்டைப் பந்தாகக் கருதி, பந்தில்லாமலே செவன் அயர்னை (நடுத்தரத் தூரத்துக்கு அடிக்கும் இரும்புத் தலை மட்டையை) வீச வேண்டும். அயர்ன் மட்டை முதலில் பந்தையும் அடுத்து மண்ணையும் தொட வேண்டும். ஆகவே மணலில் விழும் தடம் கோட்டிலோ, கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கத்திலோ தொடங்க வேண்டும். ஆகஸ்டில் 50 வீச்சுகளுக்கு 11 மட்டுமே அப்படி அமைந்தன. மற்றவை கோட்டுக்கு முன்பே மண்ணைக் கிளறின. அக்டோபரில் 27, டிசம்பரில் 38. எடை வலக்காலிலேயே தங்கிய ஒவ்வொரு முறையும் தடம் பின்வாங்கியது. வீசிய கணத்திலேயே பிழையைக் காட்டிவிடும் இந்தக் கோட்டை, நான் காணொளியைவிட அதிகமாக நம்புகிறேன்.

வலைக்குள் அடிக்கும்போது பந்தின் வளைவு தெரியாது. அதற்கு ரேஞ்சுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆகஸ்டில் அங்கே செவன் அயர்னால் அடித்த 50 பந்துகளில் 34 வலப்பக்கம் வளைந்தன, டிசம்பரில் 13. வளைந்தவையும் முன்போல் எல்லை தாண்டவில்லை.

மிக நீண்ட தூரம் அடிக்கப் பயன்படும் டிரைவர் மட்டை மட்டும் இன்னும் வசப்படவில்லை. அதன் முகச்சாய்வு (முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) செவன் அயர்னைவிட மிகக் குறைவு என்பதால், அதே அளவு பிழையும் பந்தைக் கூடுதலாக வளைக்கிறது. சென்ற வாரம் முதல் அதை இடுப்பளவு உயரத்துக்கு மட்டுமே ஓங்கி, நாளுக்கு முப்பது வீச்சு வீசிவருகிறேன். டிரைவருக்குப் பந்தைவிட்டுக் கூடுதலாக விலகி நிற்க வேண்டியிருப்பதால், அட்டைப்பெட்டிக்கு உரிய இடத்தைப் புதிதாக அளந்து குறித்திருக்கிறேன்.