பதினாறில் பதினைந்து

பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் போட்டுச் செய்யும் ஒடியல் காய்ந்துவிட்டதா என்பதைப் பெரியம்மா காதால்தான் பார்ப்பார். ஒரு துண்டை எடுத்து முறிப்பார். 'டக்' என்று கேட்டால் சாக்கில் கட்டலாம். சத்தம் மந்தமாக இருந்தால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும். போன வருடம் தை மாதம் முற்றத்தில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த வீண் ஆசை வந்தது. தண்ணீர் 1450 நானோமீற்றர் அலைநீள ஒளியை நன்றாக உறிஞ்சும். அந்த ஒளியைப் பார்க்கும் உணரி ஒன்று இருந்தால் முறிக்காமலே ஈரத்தைச் சொல்லிவிடலாமே?

கைத்தொலைபேசிக் கமரா இதற்கு உதவாது. அதன் உணரி சிலிக்கன். ஏறக்குறைய 1100 நானோமீற்றரைத் தாண்டிய ஒளி சிலிக்கனுக்குள்ளால் கண்ணாடியில் போவதுபோல் போய்விடும். பள்ளியில் செந்நிறக்கீழ்க் கதிர் என்று படித்தோமே, அதில் 1700 வரை பார்க்க இன்டியம் காலியம் ஆர்சனைட் வேண்டும். அதை இன்டியம் பொஸ்பைட் தகட்டின்மேல் வளர்ப்பார்கள். ஆனால் விழுந்த ஒளியை எண்ணாக்கித் தரும் வாசிப்புச் சிப் சிலிக்கனில்தான் செய்யப்படுகிறது. ஒன்று பார்க்கும், மற்றது வாசிக்கும். இரண்டையும் புள்ளிக்குப் புள்ளி இணைக்க வேண்டும். ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் நியர்காம் கமராவில் இப்படி இணைத்த உணரிகள் பத்து இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 2048க்கு 2048 புள்ளிகள், 18 மைக்ரோமீற்றர் இடைவெளியில். அதாவது ஒரு உணரிக்கு நாற்பது இலட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளியின் கீழும், இரண்டையும் இணைக்க, இன்டியம் என்ற மெதுவான உலோகத்தில் ஒரு சின்ன மொட்டு. என்னுடையதில் பதினாறே புள்ளி, அரை மில்லிமீற்றர் இடைவெளி. இது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன்.

வெளிநாட்டில் ஆய்வு செய்யும் நண்பன், அங்கே சோதனையில் கழித்துவிட்ட ஐந்து உணரிச் சில்லுகளை அனுப்பியிருந்தான். எட்டு மில்லிமீற்றர் நீளம், நகத்தைவிட மெலிவு. இன்டியம் பொஸ்பைட் அப்பளம்போல் உடையும் சாமான். தும்மக்கூடப் பயம். நேரே இணைக்கக்கூடிய வெற்று வாசிப்புச் சிப்பை என்னைப் போன்றவர்களுக்கு யாரும் விற்பதில்லை. அதனால் சில்லைத் தலைகீழாகக் கவிழ்த்து, தங்க முலாம் பூசிய பலகையில் ஒட்டி, அங்கிருந்து கோடு இழுத்து எட்டு உள்ளீடு உள்ள இரண்டு சாதாரண வாசிப்புச் சிப்புகளுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். கவிழ்த்தால் ஒளி எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். 920 நானோமீற்றருக்கு மேல் இன்டியம் பொஸ்பைட் ஒளியை மறிக்காது, முதுகுப் பக்கத்தாலேயே உள்ளே போய்விடும். வீட்டுக் கூரை கண்ணாடியாக இருப்பதுபோல.

முதல் சில்லைச் சாதாரண சர்க்கியூட் பலகையில், உலோகத்தின் மேல்தோலைக் கரைக்கும் சோல்டரிங் பசை போட்டு, 170 பாகையில் உருக்கி ஒட்டினேன். இன்டியம் 156.6 பாகையிலேயே உருகிவிடும். சூடாக இருக்கும்போது மல்ரிமீற்றரில் பதினாறும் பேசின. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டு அந்தங்களிலும் இரண்டிரண்டாக நாலு புள்ளி செத்துக் கிடந்தது. நடுவில் இருந்தவை தப்பிவிட்டன. கணக்குப் போட்ட பிறகுதான் விளங்கியது. பலகை, சில்லைவிட மூன்று மடங்குக்கு மேல் விரியும். 130 பாகை ஆறும்போது நடுவிலிருந்து கிட்டத்தட்ட நாலு மில்லிமீற்றர் தள்ளி இருக்கும் புள்ளி ஏறத்தாழ ஐந்து மைக்ரோமீற்றர் இழுபடுகிறது. மொட்டு உயரமாக இருந்தால் வளைந்து கொடுத்திருக்கும். நான்தான் அமத்தித் தகடாக்கி வைத்திருந்தேனே.

மிஞ்சிய பன்னிரண்டு புள்ளியாவது உதவும் என்று பார்த்தால், ஒளியே இல்லாத இருட்டிலும் எண்கள் உச்சிக்குப் போயின. சில்லுக்கு அடியில் சிக்கிய பசை ஈரம் இழுத்து, புள்ளிக்குப் புள்ளி மின்சாரத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. அந்த இடுக்குக்குள் கழுவவும் முடியாது.

அடுத்த சில்லுக்குப் பசை போடவில்லை. இன்டியத்தின்மேல் சில நானோமீற்றர் தடிப்பில் ஒக்சைட் தோல் இருக்கும். உருகினாலும் உள்ளே இருப்பது அந்தத் தோலைவிட்டு வெளியே வராது, பைக்குள் தண்ணீர்போலக் கிடக்கும். அதிகம் சூடாக்கினாலோ, உருகிய இன்டியம் முலாமிலுள்ள தங்கத்தைத் தின்று நொறுங்கும் கலவையாகிவிடும். பொறுமை போய் விரலால் அழுத்தினேன். சில்லு இரண்டாகப் போனது. அந்தக் கிழமை அதைத் தொடவில்லை.

சித்தப்பாவுக்கு யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் நகைப் பட்டறை. சாவணம் ஒன்று இரவல் வாங்கப் போனபோது இன்டியக் கம்பியைக் காட்டினேன். வாங்கி, காதோரம் வைத்து வளைத்துப் பார்த்தார். அது கிறீச்சென்று மெல்ல அழும்.

"ஈயமோ?"

"இல்லை சித்தப்பா, இன்டியம்."

நகத்தால் கீறினார். பிளேட்டால் இரண்டு துண்டு நறுக்கி, வெட்டு முகத்தோடு வெட்டு முகத்தைச் சேர்த்து நெரித்தார். ஒட்டிவிட்டது.

"மெழுகு மாதிரிக் கிடக்கு. உதை ஏன் போட்டு உருக்கிறாய்? வெட்டின கையோட வைச்சு அமத்தன்."

பெரிய ஆய்வுகூடங்களிலும் பல இடங்களில் இதைத்தான் செய்கிறார்கள். மேலும் கீழும் ஒன்றாகப் பார்க்கும் கண்ணாடி வைத்து, மைக்ரோமீற்றர் கணக்கில் நேர் பிடித்து, உருக்காமல் அழுத்துவார்கள். நான் அதை வாசித்தும் இருந்தேன். ஆனால் உறைக்கவில்லை.

அதற்குள் சோளகக் காற்று தொடங்கிவிட்டது. யன்னலைப் பூட்டினாலும் புழுதி வரும். ஒரு மணல் துணிக்கை போதும், சில்லு சாய்ந்துவிடும். பழைய மீன்தொட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கம் கை போக வழி விட்டு, உள்ளே ஈரத்துணி விரித்து அதற்குள் வேலை செய்தேன். மூன்றாவது சில்லு அதற்குள்ளும் சாய்ந்துதான் இருந்தது. அதை விடுவோம்.

நாலாவதுக்குப் பலகையை மாற்றினேன். அலுமினா என்ற பீங்கான் தகட்டுக்குச் சொல்லி, வந்து சேர மூன்று மாதம். அது சில்லைவிடக் கொஞ்சம்தான் கூட விரியும். கால் மில்லிமீற்றர் கம்பியைப் பிளேட்டால் சீவி, துண்டுகளை ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு நிமிடம் நனைத்து, காய்ச்சிவடித்த நீரிலும் அல்ககோலிலும் அலசி, ஒவ்வொன்றாகத் தங்கத்தில் வைத்தேன். அவை பிளேட்டில் ஒட்டும், சாவணத்தில் ஒட்டும், வைக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டாது. சில்லின் விளிம்பை அலுமினாவில் கீறிய கோட்டோடு சேர்த்து, மேலே மெல்லிய ரப்பரும் கண்ணாடித் துண்டும் வைத்து, சித்தப்பாவின் அரைக் கிலோ படிக்கல்லை நூலில் கட்டி மெதுவாக இறக்கினேன். நூறு பாகைச் சூடு, இருபது நிமிடம். அமத்துவது கை அல்ல, கல். அதனால் பக்கவாட்டில் தள்ளவில்லை.

பதினைந்து புள்ளி பேசின. பதினோராவது பேசவில்லை. ஆறிய பிறகும் பதினைந்து. மறுநாள் காலையிலும் பதினைந்து.

இரவு விளக்கை அணைத்துவிட்டு, சூடான சோல்டரிங் அயனைச் சில்லுக்கு மேலே நகர்த்தினேன். கண்ணுக்கு ஒரு வெளிச்சமும் இல்லை. திரையில் எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எழும்பி எழும்பி இறங்கின. பத்துக்குப் பிறகு பன்னிரண்டுக்குத் தாவின. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "நாளைக்குப் பாப்பம், படு" என்றார். ஐந்தாவது சில்லு இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது, திறக்கும் எண்ணம் இல்லை.

ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து விரிக்கும் கிரேற்றிங்கைச் சில்லுக்கு முன்னால் வைத்துத் திருப்பி, 1450 ஆறாவது புள்ளியில் விழும்படி வைத்தேன். இந்த மாசியில் பெரியம்மாவின் முற்றத்துக்குக் கொண்டுபோனேன். முதல் இரண்டு துண்டுக்கு அவர் காதும் என் எண்ணும் ஒன்றையே சொல்லின. மூன்றாவதைக் காய்ந்தது என்றேன். அவர் முறித்தார். சத்தம் மந்தம். முறிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால் நடுவில் ஈரம். அந்த ஒளி மேற்பரப்பில் சொற்ப ஆழம்தான் போகும், உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு துண்டையும் அவர் முறித்துத் தர, முறிந்த முகத்தில் அளந்துகொண்டிருக்கிறேன்.