சுண்டு வந்து சேர்ந்த கதை

வீட்டில் ஏற்கெனவே இரண்டு முயல்கள்: கருப்பி, பஞ்சு. ஒன்றின் முதுகில் ஒன்று தலை வைத்துத் தூங்குகிற ஜோடி. மாடி வீட்டுக்காரர்கள் ஊர் மாறிப் போனபோது அவர்களுடைய 4 மாத ஆண் குட்டி எங்களிடம் வந்தது. சாம்பல் நிறம், பெயர் சுண்டு. இரண்டோடு மூன்றாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

வந்த அன்றே அதைக் கூண்டுக்குள் விட்டது என் மடத்தனம். கருப்பி காதைப் பின்னால் மடித்து வாலை நிமிர்த்தியது. அதன் பொருள் எனக்குப் புரிவதற்குள் மயிர் பறந்தது. சுண்டுவின் காது நுனியில் அரிசி அளவுக்குக் கிழிசல்; விலக்கப்போன என் விரலிலும் ஒரு கடி. அன்று இரவு நடந்ததுதான் இன்னும் மோசம். சுண்டுவின் வாடை ஒட்டியிருந்த பஞ்சுவையே கருப்பி துரத்தித் துரத்திக் கடித்தது. பஞ்சு மூலையில் ஒடுங்கிவிட்டது. முயல் அரை நாள் தின்னாமல் கிடந்தாலே குடல் நின்றுபோகும் ஆபத்து உண்டு. விடியும் வரை புழுக்கையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். பழைய ஜோடி என்று இனி எதுவும் இல்லை, மூன்றும் புதுசு என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார் கால்நடை மருத்துவர். பழைய இரண்டுக்கும் கருத்தடை முன்பே ஆகியிருந்தது. சுண்டுவுக்கும் செய்தோம். செய்த மறுநாளே ஆண் முயலின் வேகம் தணிந்துவிடாது. 6 வாரம் காத்திருந்தோம்.

அதுவரை கூண்டுகள் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஒட்டி வைத்தால் கம்பி வழியே மூக்கைக் கடித்துவிடும். ஒன்றின் வாடை இன்னொன்றுக்குப் பழகட்டும் என்று, கீழே விரித்த சாக்குத் துண்டுகளைத் தினமும் கூண்டுக்குக் கூண்டு மாற்றிப் போட்டேன். அகத்திக்கீரையைக் கம்பியோரம் கட்டினேன். முதல் வாரம் முழுக்கக் கருப்பி பின்னங்காலால் தரையைத் தொம் தொம்மென்று அடித்தது. "இது மாமியார்" என்றார் அம்மா.

பிறகு மூன்றையும் ஒன்றாக விட்டுப் பார்க்கக் குளியலறை. மூன்றில் எதுவும் அதுவரை கால் வைக்காத இடம் வீட்டில் அது ஒன்றுதான். டைல்ஸ் வழுக்கினால் மிரளும் என்று சாக்கு விரித்தேன். வெயிலுக்கு முன், காலை ஐந்தரைக்கு, 10 நிமிடம். கையில் தடித்த உறை, இடையில் செருக ஒரு முறம். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைக் கொஞ்சம் விட்டுவிடலாம். முகத்துப் பக்கமாக ஏறினால் உடனே விலக்க வேண்டும், கீழே இருப்பது கடிக்கக் கூடாத இடத்தில் கடித்துவிடும். முறத்துக்கு நிறையவே வேலை இருந்தது.

ஒன்பதாம் நாள் கருப்பி சுண்டுவின் முன்னால் போய்த் தலையைத் தரையோடு தாழ்த்தியது. பணிவு என்று நினைத்துவிடக் கூடாது, "நக்கிவிடு" என்கிற கட்டளை அது. சுண்டுவும் பதிலுக்குத் தலையைத் தாழ்த்தியது. இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து அப்படியே கிடந்தன. கடைசியில் நடுவில் வந்து சுண்டுவின் நெற்றியை நக்கியது பஞ்சுதான்.

நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், இன்னும் மூன்று வாரம் கழித்து, பெரிய கூண்டை வினிகர் கலந்த தண்ணீரால் கழுவி, உள்ளே இருந்ததையெல்லாம் இடம் மாற்றி மூன்றையும் விட்டேன். அன்று இரவு கூண்டருகிலேயே பாய் போட்டுப் படுத்தேன்.

இப்போது பஞ்சு நடுவிலும் மற்ற இரண்டும் இரு பக்கமுமாகத் தூங்குகின்றன. கருப்பி இன்றுவரை சுண்டுவை ஒருமுறைகூட நக்கிவிடவில்லை. அதன் வாயிலிருக்கும் கொத்தமல்லித் தண்டைப் பிடுங்கித் தின்பதோடு சரி.